கல்லாவிலிருந்து இறங்கி வரும் கோபம்





சங்கத்துக்கு ஐம்பது வயதாகும் இந்த நேரத்தில் பெருமையாகப் பேசுவதற்கு எத்தனையோ இருக்கின்றன. நாம் இன்று எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட விஷயமல்ல. வேலை செய்யும் இடத்தில் வரும் கோபத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். சங்கத்துக்கு வந்து சேரும் பிணக்குகள் பலவும் பணத்தகராறு என்றே வருகின்றன. கொஞ்சம் கிளறிப் பார்த்தால் அடியில் பணம் இருக்காது. நாலு பேருக்கு முன்னால் யாரோ யாரையோ சொன்ன ஒரு சொல் கிடக்கும்.

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு சிக்கல் நமக்கு உண்டு. அலுவலகத்தில் மேலாளர் திட்டினால் வேலையை விட்டுவிடலாம், கதை அத்தோடு முடிந்தது. நம் கடைகளில் முதலாளி மாமாவாக இருப்பார், வேலை பார்ப்பவர் அக்கா மகனாக இருப்பார், தண்ணீர் கலக்குபவர் மச்சானாக இருப்பார். நாளைக்குச் சம்பந்தம் பேச வேண்டிய வீடாகவும் இருக்கும். மதியம் ஒரு மணிக்கு ரந்தாவில் கல்லாவில் சொன்ன சொல், இரவு எட்டு மணிக்குள் ராமநாதபுரத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அங்கே இரண்டு குடும்பம் பேச்சை நிறுத்திக்கொள்கிறது. இங்கே மருமகன் பையைத் தூக்கிக்கொண்டு சிரம்பானுக்கோ கோலாலம்பூருக்கோ வேறு கடை தேடிப் போகிறான். நோன்புப் பெருநாளுக்குக்கூட ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்கும் குடும்பங்களை நாம் அறிவோம். அதற்குக் காரணம் கேட்டால், ஒரு மேசைக்குப் போக வேண்டிய சாப்பாடு வேறு மேசைக்குப் போனது என்பார்கள்.

இந்தக் கோபம் எப்படி நடமாடுகிறது என்பதைச் சாப்பாட்டுக் கடையில் நின்று பார்த்தாலே தெரியும். வாடிக்கையாளர் தேநீர் ஆறிப்போயிருக்கிறது என்று கல்லாவில் வந்து சத்தம் போடுகிறார். முதலாளியால் அவரிடம் ஒன்றும் சொல்ல முடியாது, காசு அவர் கையில் இருக்கிறது. அந்தச் சத்தத்தை வாங்கி, தண்ணீர் கலக்குபவர்மேல் போடுகிறார். அவர் ரொட்டி போடுபவர்மேல் போடுகிறார். கடைசியில் அது பின்கட்டில் தட்டுக் கழுவும் பையனிடம் போய் நிற்கிறது. அவன் வேறு நாட்டிலிருந்து வந்தவன், பேச்சுகூடப் பாதிதான் புரியும். அவனுக்குக் கீழே யாரும் இல்லை. ஒரு தட்டு உடையும். அதற்கும் ஒரு சத்தம்.

திருக்குறளில் வெகுளாமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. அதன் தொடக்கத்திலேயே வள்ளுவர் இந்த இடத்தைத் தொட்டுவிடுகிறார். தன் கோபம் செல்லுபடியாகும் இடத்தில் அடக்குகிறவனே அடக்கியவன், செல்லாத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். நம்மில் பலர் வாடிக்கையாளரிடமும் நகராண்மை அதிகாரியிடமும் காட்டும் பணிவைப் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். வள்ளுவர் கணக்கில் அது சேராது. தட்டுக் கழுவும் பையனிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதுதான் கணக்கு.

இது கடைக்கு மட்டும் உரியதல்ல. ரந்தாவைச் சுற்றியிருக்கும் தோட்டங்களில் நம் பெரியவர்கள் கடை வைத்திருந்தார்கள், 555 நோட்டில் கடன் எழுதினார்கள், சம்பள நாளன்று கணக்குத் தீர்த்தார்கள். தோட்டத்தில் நடந்ததெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ரப்பர்ப் பால் விடியற்காலையில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் குறையும், மழை பெய்தால் அன்றைய பால் போயிற்று. அதனால் இருட்டோடு நடக்கும் பெரட்டில் ஒவ்வொரு நிமிஷமும் காசு. துரை கிராணியை ஏசுவார், கிராணி கங்காணியை, கங்காணி மரம் வெட்டுபவரை. மரம் வெட்டுபவர் அதை லயத்துக்கு வீட்டுக்காரியிடம் கொண்டுபோவார். மரத்துக்கும் பங்கு உண்டு. ஆத்திரத்தோடு வெட்டுகிற கை ஆழமாக இறங்கிவிடும். பட்டையைத் தாண்டிக் கத்தி உள்மரத்தைத் தொட்டால், அந்த இடத்தில் புதுப்பட்டை சமமாக வளராது, முண்டும் முடிச்சுமாகப் புடைத்துக்கொள்ளும். சில வருஷம் கழித்து அதே பக்கம் வெட்ட வரும்போது கத்தி ஓடாது. அன்றைக்கு ஏசியவரும் இருக்கமாட்டார், வெட்டியவரும் இருக்கமாட்டார், காயம் மட்டும் இருக்கும்.

கோபத்தை அடக்கு என்று சொன்னால், திட்டு வாங்குபவன் எல்லாவற்றையும் விழுங்கிக்கொள்ள வேண்டும் என்றும் சிலர் பொருள் செய்துகொள்கிறார்கள். அது வசதியான பொருள், ஆனால் தவறானது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தை நினைத்துப் பாருங்கள். ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணிபுரிந்த ஆர்.எச். நாதன் அதில் முன்னணியில் நின்றார். தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டார்கள். கூடவே, வெள்ளைக்கார துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்தச் சொன்னார்கள், கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். சைக்கிளை விட்டு இறங்குவதில் சம்பளம் ஒரு காசும் குறையாது. ஆனாலும் அது கோரிக்கைப் பட்டியலில் ஏறியது. அந்தக் கோபத்தைக் கேட்க யாரும் உட்காரவில்லை. மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், சிலாங்கூரில் நெருக்கடி நிலை அறிவித்தார்கள், துருப்புகள் சுட்டதில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். போருக்குப் பிறகு நம் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணி செய்த பி.பி. நாராயணன் போன்றவர்களின் முயற்சியால் 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. தோட்டத்துக் கோபம் காகிதத்தில் எழுதப்பட்டு மேசைக்கு வர அதன் பிறகு ஒரு வழி இருந்தது. அந்த வழியில் குறைகள் உண்டு. துப்பாக்கியோடு ஒப்பிட்டால் குறையைப் பேச மனம் வரவில்லை.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யா உலூமித்தீனில் கோபத்துக்குத் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். கோபம் அளவு மீறுவது குறை, அறவே இல்லாமல் போவதும் குறை என்பது அவர்கள் கருத்து. அநியாயத்தைப் பார்த்தும் சூடேறாதவனை அவர்கள் பாராட்டவில்லை.

இனி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வருவோம். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவன் வீரனல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே வீரன் என்ற ஹதீஸை நாம் எல்லாரும் சின்ன வயதிலேயே கேட்டுவிட்டோம். அதிகம் பேசப்படாத இன்னொரு நிகழ்ச்சி முஸ்லிம் கிரந்தத்தில் வருகிறது. அபூ மஸ்ஊத் (ரலி) அவர்கள் தம் அடிமையைச் சவுக்கால் அடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் அவர்களைக் கூப்பிட்டது. கோபத்தின் வேகத்தில் அது யாருடைய குரல் என்றே அவர்களுக்குப் புரியவில்லை. கிட்டே வந்தபோதுதான் அது நாயகம் (ஸல்) அவர்கள் என்று தெரிந்தது, சவுக்கு கையிலிருந்து நழுவியது. இந்த அடிமைமீது உமக்கு இருக்கும் அதிகாரத்தைவிட உம்மீது அல்லாஹ்வுக்கு இருக்கும் அதிகாரம் பெரிது என்பதே அவர்கள் கேட்ட செய்தி. அந்த அடிமை விடுதலை பெற்றார். கோபம் வந்தால் தமக்கு மிகவும் பிரியமான குரல்கூடக் காதில் ஏறாது என்பதை ஒரு ஸஹாபியே தம் வாயால் சொல்கிறார்கள் என்றால், அடுப்புச் சத்தத்துக்கு நடுவே நம் நிலை என்ன?

அனஸ் (ரலி) அவர்கள் பத்து ஆண்டுகள் நாயகத்துக்குப் பணிவிடை செய்தவர்கள். சிறுவனாகச் சேர்ந்தவர்கள். சிறுவன் செய்யும் பிழையெல்லாம் செய்திருப்பார்கள். அந்தப் பத்து ஆண்டில் ஒரு ‘சீ’ கூடக் கேட்டதில்லை, ஏன் செய்தாய் என்றோ ஏன் செய்யவில்லை என்றோ கேட்டதில்லை என்று அவர்களே அறிவித்திருக்கிறார்கள். நம் கடையில் பத்து நிமிஷம் போதும்.

கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், அப்போதும் அடங்காவிட்டால் படுக்கட்டும் என்றும், ஒளூ செய்யட்டும் என்றும் ஹதீஸ்களில் வழி இருக்கிறது. நம் கடைகளில் அடுப்படியில் நிற்பவருக்கு உட்கார இடமே கிடையாது. ஒரு முக்காலி வாங்கிப் போடலாம், பெரிய செலவில்லை. இருபத்துநாலு மணி நேரமும் கடை திறந்திருக்கலாம், மனிதன் அப்படித் திறந்திருக்க முடியாது. தூக்கம் கெட்டவனிடம் பொறுமை பற்றிப் பயான் செய்து பயனில்லை. நோன்பு மாதத்தில் அஸருக்குப் பிறகு வரும் இரண்டு மணி நேரத்தை நாம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அந்த நேரத்துப் பேச்சு எல்லாருக்கும் நினைவிருக்கும்.

கோபமாக இருக்கும் நீதிபதி தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதும் நாயக வாக்கு. நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, தவறு செய்தான் என்று ஒருவரை வேலையைவிட்டு நீக்குவதற்கு முன் முறையான விசாரணை வேண்டும். விசாரணைக்காக இரண்டு வாரத்துக்கு மேற்படாமல் நிறுத்திவைக்கலாம், ஆனால் பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும். குற்றம் நிரூபணமாகாவிட்டால் பிடித்துவைத்த மீதியையும் கொடுத்துவிட வேண்டும். நியாயமில்லாமல் நீக்கப்பட்டவர் 60 நாளுக்குள் தொழிலியல் உறவு இலாகாவில் முறையிடலாம். கல்லாவில் நின்றபடி ‘நாளையிலிருந்து வராதே’ என்பது அந்த நேரத்துக்கு நன்றாக இருக்கும். பிறகு அந்த இரண்டு சொல்லுக்கு விளக்கம் எழுதவே வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டிவரும். கோபத்தில் பாஸ்போர்ட்டை வாங்கி மேசையில் பூட்டிவைப்பது அதைவிட மோசம், அது குற்றம்.

வேலை பார்க்கும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. முதலாளி திட்டும் அந்த நிமிஷத்தில் பதில் சொல்லாதீர்கள், ஆனால் சொல்லாமலேயே விட்டுவிடாதீர்கள். கடை மூடிக் கணக்குப் பார்க்கும் நேரத்தில் போய்ச் சொல்லுங்கள். அதுவும் கேட்கப்படவில்லை என்றால் சங்கத்தில் பெரியவர்கள் இருக்கிறார்கள். அன்றிரவே ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்வதை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். அவர் அழுவார், அத்தாவிடம் சொல்வார், பிறகு அதைச் சரிசெய்ய விமானத்தில்தான் போக வேண்டும்.

முதலாளிமார்களுக்குச் சொல்ல ஒன்று பாக்கி இருக்கிறது. வாடிக்கையாளர் முன்னால் திட்டியவர், மன்னிப்பையும் அதே வாடிக்கையாளர் முன்னால் கேட்க வேண்டும். பின்கட்டுக்குக் கூப்பிட்டுத் தோளில் தட்டி ஐம்பது ரிங்கிட் கொடுத்தால் திட்டு முன்கட்டிலேயே நின்றுவிடும். கல்லாவிலிருந்தபடியே, ‘தம்பி, நான் சொன்னது தப்பு’ என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். முதல் தடவை தொண்டை அடைக்கும்.