மூணு பொசிஷன் இருந்தா மூணு மடங்கு விலையா?

இந்த எபிசோட்ல ஒரே கேள்விதான். ஃபேன்டஸி பேஸ்பால் டிராஃப்ட்ல ஒரு வீரர் பேருக்குப் பக்கத்துல செகண்ட் பேஸ், ஷார்ட்ஸ்டாப், அவுட்ஃபீல்டுன்னு மூணு பொசிஷன் போட்டிருக்கு. அதுக்காக எவ்வளவு கூடுதலா கொடுக்கலாம்?

ஃபேன்டஸி கிரிக்கெட் ஆடிப் பழகினவங்க இதை ஆல்ரவுண்டர் மாதிரி நினைப்பாங்க. அப்படி இல்லங்க. ஆல்ரவுண்டருக்கு பேட்டிங்குக்கும் பௌலிங்குக்கும் தனித்தனியா பாயின்ட் வரும். இங்க எத்தனை பொசிஷன் இருந்தாலும் ஒரு நாளைக்கு ஒரு ஸ்லாட்டுலதான் வைக்க முடியும். அடிக்கிற ஹோம் ரன் அதேதான். 2024-ல ஓடானி 54 ஹோம் ரன், 59 ஸ்டீல். அவருக்கு இருந்தது யூட்டிலிட்டி ஸ்லாட் மட்டும்தான். அதுக்காக யாராவது வேண்டாம்னு விடுவாங்களா?

அப்போ எப்போ மதிப்பு கூடுது? இருக்கிற பொசிஷன்கள்ல ஒண்ணு பஞ்சமான பொசிஷனா இருந்தா. டால்டன் வார்ஷோவைப் பாருங்க. 2022-ல அரிசோனாவுக்கு 27 ஹோம் ரன், 16 ஸ்டீல். அவுட்ஃபீல்டரா நல்ல வீரர், அவ்வளவுதான். ஆனா அந்த வருஷம் 20 மேட்சுக்கு மேல கேட்சராவும் ஆடினதால, 2023 டிராஃப்ட்ல அவரை கேட்சர் ஸ்லாட்டுல வைக்க முடிஞ்சது. கேட்சர்கள்ல ரியல்முட்டோவை விட்டா அப்படி ஓடுற ஆள் அபூர்வம். டொரன்டோ போனதும் கேட்சிங் நின்னுபோச்சு. 2024-ல வெறும் அவுட்ஃபீல்டர், விலையும் சரிஞ்சிடுச்சு. அதனால எத்தனை பொசிஷன்னு எண்ணாதீங்க. எந்த ஸ்லாட்டுல ஃப்ரீயா கிடைக்கிற ஆளைவிட இவர் அதிகமா தருவார்னு பாருங்க. கணக்குல வர்றது அந்த ஒண்ணு மட்டும்தான்.

மீதி பொசிஷன்கள் வசதிக்குத்தான், ஆனா அந்த வசதியும் சும்மா இல்ல. திங்கள், வியாழன்ல நிறைய டீமுக்கு மேட்ச் இருக்காது. தினமும் லைன்அப் மாத்துற லீக்ல, ஆளை நகர்த்தி காலி ஸ்லாட்டை நிரப்பிடலாம். ஒரு பெஞ்ச் ஆள் மிச்சம், அந்த இடத்துல ஒரு பிட்சரை வெச்சுக்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை மட்டும் மாத்துற லீக்ல இந்த லாபம் பாதியாயிடும். 10 டீம் லீக்ல, நல்ல ஆளுங்க சும்மாவே கிடைப்பாங்க, அதனால இன்னும் குறைவு. 15 டீம், 50 ரவுண்டு, நடுவுல யாரையும் சேர்க்கவே முடியாதுங்கிற டிராஃப்ட் சாம்பியன்ஸ் மாதிரி லீக்னா மட்டும் நான் தாராளமா கொடுப்பேன். அங்க ஒருத்தருக்கு அடிபட்டா இந்த மாதிரி ஆள்தான் காப்பாத்தணும்.

260 டாலர் ஏலத்துல, வசதிக்குன்னு நான் வைக்கிறது 1 டாலர், மிஞ்சிப் போனா 2. ஏன்னா சீசன் நடுவுலயும் பொசிஷன் சேரும். யாஹூல 5 மேட்ச் ஸ்டார்ட் பண்ணாலே போதும். 2024 சீசன் தொடங்குற நேரத்துல டாட்ஜர்ஸ் மூக்கி பெட்ஸை ஷார்ட்ஸ்டாப்புக்கு மாத்தினாங்க. அவரை முன்னாடியே எடுத்து வெச்சவங்களுக்கு ஷார்ட்ஸ்டாப் சும்மா கிடைச்சது.