பொறுப்பை டெண்டர் விட முடியாது!

(தலைப்பு: உள்ளாட்சி இணையதளம் மக்களுக்குப் பயன்பட முதல் தேவை நவீன தொழில்நுட்பமா? பொறுப்பான நிர்வாகமா? - 'பொறுப்பான நிர்வாகமே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அய்யா அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! ஆளுக்கொரு செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, நான் பேசுவதற்கு முன்பே பதில் தேடிக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்த பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் அமர்ந்திருக்கிற சொந்தங்களே!

எனக்கு முன்னால் பேசிய தம்பி ரொம்ப அழகாகப் பேசினார். "நகராட்சி இணையதளம் வேகமாத் திறக்கணும், செல்போன்ல பளிச்சுன்னு தெரியணும், ஒரு தட்டு தட்டினா வரி கட்டி முடியணும்" என்றார். வேண்டாம் என்று யார் சொன்னது? எல்லாம் வேண்டும். ஆனால் அய்யா, ஒரு கடை. கண்ணாடிக் கதவு, ஏ.சி., வாசலில் சல்யூட் அடிக்க ஓர் ஆள். உள்ளே போனால் போன மாசத்துப் பால் பாக்கெட்டை எடுத்துக் கொடுக்கிறார்கள். கடை பளபளன்னு இருக்கே என்று வாங்கிக் குடிப்பீர்களா? (சிரிப்பு, கைதட்டல்)

அதுகூடப் பரவாயில்லை. கெட்டுப்போன பாலை மோந்து பார்த்தால் தெரிந்துவிடும். கெட்டுப்போன தகவலை எப்படி அய்யா மோந்து பார்ப்பது?

எங்கள் தெருவில் ஓர் அம்மா. வீட்டுக்காரர் காலமாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. குடும்ப ஓய்வூதியம் வாங்க இறப்புச் சான்றிதழ் வேண்டும். பேரன் அவர்கள் ஊர் நகராட்சித் தளத்தைத் திறந்தான். இரண்டே வினாடியில் திறந்தது. ஒரு பேர், ஒரு போன் நம்பர். அந்த அம்மா கூப்பிட்டார்கள். எடுத்தவர் சொன்னாராம்: "அம்மா, நான் ரிட்டையர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. தினமும் நாலு பேர் என்னைக் கூப்பிட்டு சர்டிபிகேட் கேக்கறாங்க. தயவு செஞ்சு அந்த நம்பரை எடுக்கச் சொல்லுங்க!" (சிரிப்பு) சரி, நேரிலேயே போகலாம் என்று தளத்தில் இருந்த முகவரிக்கு ஆட்டோ பிடித்துப் போனார்கள். அந்த அலுவலகம் வேறு கட்டிடத்துக்கு மாறி ஒரு வருஷம் ஆகியிருந்தது.

இப்போது எதிரணியைக் கேட்கிறேன். அந்தத் தளத்தில் தொழில்நுட்பக் கோளாறு ஏதாவது இருந்ததா? இல்லை. தப்பான தகவலை மின்னல் வேகத்தில் கொடுத்தது! (கைதட்டல்) குறை கம்ப்யூட்டரில் இல்லை. ஒருவர் ஓய்வு பெற்றார், ஓர் அலுவலகம் இடம் மாறியது. அன்றைக்கே தளத்தில் மாற்ற வேண்டியது யார் வேலை? யார் வேலை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அங்கேதான் இருக்கிறது நோய்.

இது சின்ன விஷயம் இல்லீங்க. பிறப்பையும் இறப்பையும் 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம், அலைச்சல். 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்திருத்தத்தின்படி, அந்தத் தேதிக்குப் பிறகு பிறக்கும் குழந்தைக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதில் தொடங்கிப் பல காரியங்களுக்குப் பிறந்த தேதி, பிறந்த இடத்துக்கான ஆதாரமே பிறப்புச் சான்றிதழ்தான். சொத்து வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. தளத்தில் பழைய அறிவிப்பு தொங்கிக்கொண்டிருந்தால், அதை நம்பியவருக்கு நஷ்டம். அறிவிப்பை எடுக்காமல் விட்டவருக்கு என்ன நஷ்டம்? ஒரு பைசா கிடையாது!

நடுவர் அவர்களே, சட்டம் என்ன சொல்கிறது? 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதை மனு போட்டுக் கேள்வி கேட்கும் சட்டம் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதில் 4ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். மக்கள் கேட்பதற்கு முன்பே, அலுவலகம் தானாக முன்வந்து சொல்ல வேண்டும் என்கிறது. யார் அதிகாரி, என்ன கடமை, எவ்வளவு நிதி ஒதுக்கீடு, யாருக்கு என்ன சலுகை - எல்லாவற்றையும் வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இணையத்தையும் பயன்படுத்த வேண்டும். உள்ளூர் மொழியையும் கருத்தில் கொள்ள வேண்டும். மக்கள் மனு போடும் தேவையே குறைய வேண்டும் என்பதுதான் நோக்கம். எந்த நிறத்தில் பட்டன் வைக்கணும் என்று சட்டம் சொல்லவில்லை. எதை, யார், எப்போது சொல்லணும் என்று சொல்கிறது. அப்படியானால் சட்டமே எங்கள் அணியில்தான் உட்கார்ந்திருக்கிறது! (கைதட்டல்)

மத்திய அரசு 2009இல் அரசுத் தளங்களுக்கு ஒரு வழிகாட்டு நெறிமுறை போட்டது. 2023இல் அதன் மூன்றாம் பதிப்பு வந்தது. அதில் தொழில்நுட்பம் நிறைய உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூடவே என்ன சொல்லியிருக்கிறது? ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பொறுப்பு அதிகாரி வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். கடைசியாக எந்தத் தேதியில் புதுப்பிக்கப்பட்டது என்று போட வேண்டும். பழைய தகவலை எப்படி ஒதுக்கிப் பாதுகாப்பது என்று ஒரு கொள்கை வேண்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் உட்கார்ந்து எழுதிய ஏட்டிலேயே 'பொறுப்பு ஆள் யார்?' என்ற கேள்வி இருக்கிறது. இது நம் எதிரணிக்கு மட்டும் ஏனோ தெரியவில்லை. (சிரிப்பு)

எதிரணி அம்மையார் ஒரு கேள்வி கேட்டார். "தமிழ் எழுத்து கட்டம் கட்டமாத் தெரியுதே, அது தொழில்நுட்பப் பிரச்சினைதானே?" நல்ல கேள்வி. ஆனால் அம்மா, தமிழக அரசு 2010லேயே யூனிகோடு முறையை ஏற்று ஆணை போட்டுவிட்டது. மருந்து கடையில் இருக்கிறது. வாங்கிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை! தீர்மானத்தைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறார்கள். காகிதத்தில் அச்செடுக்கிறார்கள். கையெழுத்துப் போட்டு, கோணலாக ஸ்கேன் செய்து, படமாக ஏற்றுகிறார்கள். அதில் ஒரு வார்த்தையைத் தேடினாலும் கிடைக்காது. பார்வையற்ற ஒரு சகோதரர் கம்ப்யூட்டரைப் படிக்கச் சொன்னால் அது ஊமையாகிவிடும். "இப்படி ஏற்றாதே, எழுத்தாகவே ஏற்று" என்று ஓர் ஆணையர் ஒரு வரி உத்தரவு போட்டால் தீரும் குறை இது.

அடுத்தது மிக முக்கியம். தளம் என்றால் எல்லாவற்றையும் போட்டுவிடுவது மட்டும் இல்லை. எதைப் போடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். 2017இல் ஆதார் ஆணையமே ஒரு தகவல் உரிமை மனுவுக்குப் பதிலாகச் சொன்னது: சுமார் 210 மத்திய, மாநில அரசுத் தளங்களில் பயனாளிகளின் பெயர், முகவரியோடு ஆதார் எண்ணையும் வெளியிட்டிருந்தார்கள், பிறகு நீக்கினார்கள். யோசித்துப் பாருங்கள். முதியோர் உதவித்தொகை வாங்கும் ஒரு பாட்டியின் விவரமெல்லாம் ஊருக்கே விரித்துப் போட்டால், வங்கியிலிருந்து பேசுகிறேன் என்று ஏமாற்றுகிறவனுக்கு எவ்வளவு வசதி! பட்டியலை ஏற்றிய மெஷின் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. "இதை ஏற்றலாமா?" என்று கேட்க ஒரு மனிதர் இல்லை. செலவுக் கணக்கைத் திறந்து வை, ஏழையின் அந்தரங்கத்தை மூடி வை. இந்த வித்தியாசத்தை எந்த மென்பொருள் அய்யா சொல்லித் தரும்? (பலத்த கைதட்டல்)

நம் ஊர் உத்திரமேரூருக்கு வாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலம், ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்திய கல்வெட்டு. குடவோலை முறை நமக்குத் தெரியும். 30 குடும்புகள், பெயர் எழுதிய ஓலை, குடம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. அவருடைய உறவினர்களும் வர முடியாது! (சிரிப்பு) இன்றைக்கு அந்த விதி இருந்தால் சில ஊரில் நிற்கவே ஆள் கிடைக்காது. அந்த முறையில் குறை உண்டு. நிலம் உள்ளவருக்குத்தான் இடம், பெண்களுக்கு இடமே இல்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவர்கள் கைவசம் இருந்த தொழில்நுட்பம் என்ன? ஓர் உளி, ஒரு கோயில் சுவர். அதில் தங்களைக் கட்டுப்படுத்தும் விதியைத் தாங்களே வெட்டி வைத்தார்கள்.

கல்லுக்கு ஒரு குணம். ராத்திரியோடு ராத்திரியாக அழிக்க முடியாது. இணையதளத்தில் முடியும்! நேற்று இருந்த டெண்டர் அறிவிப்பு இன்று இல்லை. போன வருஷத் தீர்மானம் காணோம். கேட்டால், "சைட்டைப் புதுசா மாத்தினோம், பழசு போயிடுச்சு." வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது பீரோவில் இருக்கிற பத்திரத்தையும் சேர்த்தா தூக்கிப் போடுவோம்? (சிரிப்பு)

இன்னொன்று. நம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து ஆண்டுக்கு மேல் கவுன்சிலரே கிடையாது, தனி அலுவலர்தான். பெரும்பாலான மாவட்டங்களின் ஊராட்சிகளிலும் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் வந்தார். தெருவிளக்கு எரியவில்லை என்றால் யாரிடம் சொல்வது என்று மக்கள் தவிப்பது இந்த மாதிரி நேரத்தில்தான். தளம் அன்றைக்கே அதைச் சொல்ல வேண்டாமா? ஆட்கள் மாறலாம், பொறுப்பு அறுந்துபோகக் கூடாது.

"அப்போ என்னதாம்மா செய்யணும்?" என்று நடுவர் கேட்பது எனக்குத் தெரிகிறது. வீட்டில் நாம் செய்வதைத்தான் செய்யணும். பால் கணக்கு யார் எழுதுவது, மாவு புளித்தால் யார் எடுத்துக் கொட்டுவது என்று வீட்டில் ஒரு முறை இருக்கிறதா இல்லையா? (என் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே ஆள்தான், அது வேறு விஷயம்!) (சிரிப்பு) அதேபோல ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு துறை பொறுப்பு. குடிநீர் நிறுத்தம் என்றால் பொறியாளர் எழுதணும், மேலதிகாரி சரிபார்க்கணும், அன்றைக்கே ஏற்றணும், தண்ணீர் வந்ததும் எடுக்கணும். மூன்று மாசத்துக்கு ஒரு தடவை எல்லா போன் நம்பரையும் ஒருவர் உட்கார்ந்து அழைத்துப் பார்க்கணும். இடமாற்றமாகிப் போகும்போது பீரோ சாவியை ஒப்படைக்கிற மாதிரி, தளத்தின் பாஸ்வேர்டையும் எழுத்தில் ஒப்படைக்கணும். பல இடத்தில் பாஸ்வேர்டு ஒப்பந்தத்தில் வந்த ஒரு பையனின் மண்டைக்குள் இருக்கிறது. பையன் வேறு வேலைக்குப் போனால் ஊராட்சியும் கூடவே போய்விடுகிறது! (சிரிப்பு, கைதட்டல்)

இதில் எதற்காவது கோடி ரூபாய் செலவா? இல்லை. டெண்டர் விட்டால் இணையதளம் வாங்கலாம். பொறுப்பை டெண்டர் விட முடியாது. கம்ப்யூட்டரை வாங்கலாம், அக்கறையை வாங்க முடியாது.

தாய்மார்களே, நமக்கும் வேலை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 - கிராமத்தில் ஆறு நாள் கிராமசபை. அங்கே எழுந்து நின்று கேளுங்கள்: "நம்ம ஊர்க் கணக்கு தளத்துல இருக்கா? கடைசியா எப்ப மாத்தினீங்க? அதுக்கு யார் பொறுப்பு?" நகரத்தில் இருப்பவர்கள் பத்து ரூபாயில் தகவல் உரிமை மனு போடுங்கள். பொதுவாக 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கேள்வி கேட்க ஆள் இருந்தால்தான் பதில் சொல்ல ஆள் வருவார்.

நடுவர் அவர்களே, எதிரணியினர் கேட்பது நல்ல வாசல். நாங்கள் கேட்பது கதவைத் தட்டினால் திறக்க ஓர் ஆள். வாசல் எவ்வளவு அழகாக இருந்தாலும், உள்ளே ஆள் இல்லாத வீட்டில் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காது. ஆகவே, உள்ளாட்சி இணையதளம் மக்களுக்குப் பயன்பட முதல் தேவை பொறுப்பான நிர்வாகமே, நிர்வாகமே என்று தீர்ப்பு வழங்குமாறு கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)