வலிக்கும் வரை காத்திருக்கலாமா?

(மலாக்கா தோட்ட மாதர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், போனஸ், வீட்டுரிமை பற்றியெல்லாம் தொழிற்சங்க மேடையில் பேசிக் கேட்டிருக்கிறீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது, பெண்கள் தங்களுக்குள்ளும் பேசக் கூசுகிற விஷயம்: மார்பகப் புற்றுநோய். கூச்சத்தால் வாய்மூடி உயிரை விடுவதைக் காட்டிலும், வாய்திறந்து பேசி உயிரைக் காத்துக்கொள்வது மேல். ஆண்கள் எழுந்து போக வேண்டாம். உங்களுக்கும் இதிலே வேலை இருக்கிறது.

மலேசியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலாவது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, 27 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். காலையில் பிரட்டுக்கு வரும் பெண்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இது அடுத்த வீட்டுச் சங்கதி அல்ல என்பது விளங்கும்.

பால்மரத்துக்கு வரும் வெள்ளை வேர்நோயை நீங்கள் அறிவீர்கள். மேலே இலை மஞ்சளாகும் போது, மண்ணுக்குள்ளே வேர் பெரும்பகுதி அழிந்திருக்கும். அதனால்தான் இலை பழுக்கும் வரை காத்திராமல், அடிமரத்து மண்ணை விலக்கி, வெள்ளை நூல் படர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். மார்பகப் புற்றும் அப்படித்தான். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. "வலிக்கவில்லையே, பிறகு பார்ப்போம்" என்று சொல்லிச் சொல்லியே நம் பெண்கள் மோசம் போகிறார்கள்.

தாமதத்தின் விலை என்ன? மலேசியச் சுகாதார அமைச்சு 2018-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. முதல் கட்டத்திலேயே நோய் தெரிந்தவர்களில் நூற்றுக்கு 87 பேருக்கு மேல் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தார்கள். நான்காம் கட்டத்தில் தெரிந்தவர்களில் அப்படி வாழ்ந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர்தான். நோய் ஒன்றே, நாடும் ஒன்றே. வந்த காலம்தான் வேறு. ஆயினும், ஏறக்குறையப் பாதிப் பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவமனை வாசலை மிதிக்கிறார்கள்.

"புற்று வந்தால் சாவுதான்" என்று நம் பாட்டிமார் சொன்னார்கள். அவர்கள் காலத்தில் அது பெரும்பாலும் உண்மை. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1923-இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அந்தத் துயரத்தை அவர் அழுது தீர்க்கவில்லை. 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்து வைத்தார். அது இன்று பெரிய நிலையமாக வளர்ந்திருக்கிறது. பாட்டிமார் காலம் போய்விட்டது. அவர்களுடைய பயம் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது.

இனி, நாம் செய்ய வேண்டியது என்ன?

மாதம் ஒருமுறை, தீட்டு தொடங்கி ஏழு முதல் பத்து நாளுக்குள், குளிக்கும் போது விரல்களைத் தட்டையாக வைத்து மார்பு முழுவதும், அக்குள் வரை, மெதுவாக அழுத்திப் பாருங்கள். தீட்டு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடி முன் நின்று பாருங்கள். புதிதாய்க் கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, உள்ளிழுத்த காம்பு, காம்பில் இரத்தக் கசிவு, ஆறாத புண் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே மருத்துவரிடம் போங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். நாமும் அல்ல, மந்திரிப்பவரும் அல்ல.

கையால் பார்ப்பது மட்டும் போதாது. 20 வயது முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறையும், 40 வயதுக்குமேல் ஆண்டுதோறும் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் மார்பைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சமா? பெண் தாதி வேண்டும் என்று கேளுங்கள். தாய்க்கோ உடன்பிறந்தாளுக்கோ இந்நோய் வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். கைக்குத் தட்டுப்படாத சிறு கட்டியையும் மேமோகிராம் என்னும் எக்ஸ்ரே பெரும்பாலும் காட்டிவிடும். சொக்சோ சந்தா செலுத்தும் 40 வயது கடந்த பெண்களுக்கு இதை இலவசமாகச் செய்யும் திட்டம் 2013-இல் தொடங்கியது. நம் சம்பளத்தில் பிடித்த காசின் பயன் அது, கேட்டுப் பெறுங்கள்.

நோயை முற்றிலும் தடுக்கும் மருந்து இல்லை. ஆயினும் பிள்ளைக்குத் தாய்ப்பால் கொடுப்பதும், உடல் பருக்காமல் பார்த்துக்கொள்வதும், மதுவை விலக்குவதும் ஆபத்தைக் குறைக்கும். இது ஒட்டுநோய் அல்ல; பாவத்தின் பலனும் அல்ல. நோய்கண்ட பெண்ணை ஒதுக்கி வைக்காதீர்கள்.

"ஒருநாள் வேலை போனால் அடுப்பு எரியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், மருத்துவர் சான்று தந்தால், சேவைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் நோய்விடுப்பு தருகிறது. 2023 ஜனவரி முதல், மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கான 60 நாள் அதற்கு மேலாகத் தனியே கணக்கிடப்படுகிறது. 2019-இல் வந்த பெக்கா பி40 திட்டம், வசதி குறைந்த குடும்பத்தார் சிகிச்சையை முடித்தால் 1,000 வெள்ளியும், தீபகற்பத்தில் போக்குவரத்துச் செலவுக்கு 500 வெள்ளி வரையும் உதவியாக அறிவித்தது. ஜாசினிலிருந்தோ அலோர்காஜாவிலிருந்தோ புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகம் வரை போகிறவர்களுக்கு இது சிறிய தொகையல்ல.

கிராணிமார்களே! இந்தப் பாரங்களைப் படித்துச் சொல்லவும் நிரப்பித் தரவும் உங்கள் பேனா முன்வர வேண்டும். தோழர்களே! மனைவி கட்டி என்று சொன்னால், "ஒன்றுமிருக்காது" என்று தட்டிக்கழிக்காதீர்கள். மறுநாளே கிளினிக்குக்கு உடன் செல்லுங்கள். பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்று அவள் தயங்கினால், பக்கத்து வீட்டுத் தாய்மார்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் துன்பத்தை எல்லோரும் சுமப்பதற்குத்தானே சங்கம் கண்டோம்?

தாய்மார்களே! வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தை உண்பது போல, எல்லோர் உடம்பையும் பார்த்த பிறகு உங்கள் உடம்பைப் பார்க்கிறீர்கள். இந்த ஒரு காரியத்தில் அந்த வழக்கத்தை மாற்றுங்கள். வலி வந்து அழைக்கட்டும் என்று காத்திராமல், வலி இல்லாத நாளிலேயே கிளினிக்குக்குப் புறப்படுங்கள்.