இதயத்தின் செவிகள்

 

அச்சம் வந்தால் நெஞ்சு படபடக்கிறது. அட்ரினலின் என்னும் ஹார்மோன் குருதியில் கலப்பதே காரணம். ஆனால் இதயத்தை விரைவுபடுத்தும் அதே பொருள் மூச்சுக்குழலைத் தளர்த்துகிறது. தோலிலுள்ள குருதிக் குழாய்களைச் சுருக்குகிறது. கட்டளை ஒன்று, விளைவு மூன்று. எவ்வாறு?

1948 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பணியாற்றிய ரேமண்ட் ஆல்குவிஸ்ட் விடை கூறினார். கட்டளையைக் கேட்கும் செவிகள், அதாவது ஏற்பிகள், ஆல்பா என்றும் பீட்டா என்றும் இருவகை. இதயத்தில் உள்ளவை பீட்டா என்றார். அக்கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது! வேறோர் இதழ் வெளியிட்ட பின்னரும் அதைப் பொருட்படுத்தியவர் சிலரே. அவருள் ஒருவர் ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக். செவியை அடைத்துவிட்டால் இதயத்தின் ஓட்டம் தணியுமன்றோ என்று எண்ணினார். 1964 இல் அவர் குழுவினர் புரோப்ரனலால் என்னும் மருந்தை அறிவித்தனர். 1988 இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

மருந்து வேலை செய்தது. செவியைத்தான் எவரும் கண்டதில்லை. 1970களில் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் கதிரியக்கம் ஏற்றிய பொருள்களைக் கொண்டு, அவை உயிரணுவின் மேற்பரப்பில் எத்தனை இடங்களில் ஒட்டுகின்றன என்று எண்ணினார். ஒட்டிய இடங்கள் புரதங்கள். மினசோட்டா மாநிலத்துச் சிற்றூரொன்றில் ரொட்டி சுடுவோர் குடும்பத்தில் பிறந்த பிரையன் கோபில்கா அவருடன் சேர்ந்தார். 1986 இல் அக்குழுவினர் பீட்டா ஏற்பி ஒன்றின் மரபணுவைக் கண்டறிந்தபோது, அப்புரத இழை உயிரணுச் சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்வது தெரிந்தது. நம் கண்ணில் ஒளியை உணரும் புரதமும் அதே அமைப்பினதே! இருவரும் 2012 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

எண்ண முடிந்ததனால் மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. செயலிழந்துவரும் மனித இதயங்களில் பீட்டா ஏற்பிகள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதை 1982 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர். ஓயாத கூச்சலைக் கேட்டுக் களைத்த இதயம் தன் செவிகளைத் தானே குறைத்துக்கொள்கிறது. அத்தகைய இதயத்துக்கு இம்மருந்து ஆகாது என்பதே அதுவரை மருத்துவர்களின் கொள்கை. சுவீடனில் மட்டும் 1975 இலேயே ஏழு நோயாளிகளுக்குச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பயன் கண்டிருந்தனர். 1999 இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளில் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. விலக்கிய மருந்தே உயிர்காத்தது.

இதன் மறுபக்கம் நம் தெருவைச் சார்ந்தது. மாத்திரை செவிகளை அடைத்திருக்குங்காலத்தில், கட்டளை கேட்காத இதயம் செவிகளைப் பெருக்கிக்கொள்கிறது. அந்நிலையில் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், பெருகிய செவிகள் அனைத்தும் ஒருசேரக் கேட்கும். படபடப்பு மிகும், இரத்த அழுத்தம் ஏறும், இதயக் குழாயில் அடைப்புள்ளவர்க்கு மாரடைப்பே நேரலாம். வெளியூர்க் கூலி வேலைக்குச் செல்வோர் மாத்திரையை வீட்டிலேயே விட்டுச் செல்கின்றனர். "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று நிறுத்துவோரும் உளர். நன்றாக இருப்பது மாத்திரையால் என்பதை யார் சொல்வது?

படித்த பிள்ளைகளே, நீங்கள்தாம். இன்றிரவு வீட்டிலுள்ள மாத்திரை அட்டையை எடுத்துப் படியுங்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால் என்று பெயர் 'லால்' என முடிந்தால் அது இவ்வினம். இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று எண்ணுங்கள். தீருமுன் அரசு மருத்துவமனைக்குச் சென்று வாங்கி வாருங்கள். நிறுத்த வேண்டுமாயின் மருத்துவர் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருப்பின் அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூச்சுக்குழலிலும் பீட்டா ஏற்பிகள் உண்டு.