நாளத்தில் ஏற்றிய நீர்



வைத்தியசாலைக்கு நோயாளியைப் பார்க்கச் செல்லும் நம்மவர், "சேலைன் ஏற்றினார்களா?" என்று வினவுவதை நீங்கள் செவியுற்றிருப்பீர்கள். ஏற்றியாயிற்று என்றால் மனத்துக்கு ஓர் ஆறுதல். அவ்வாறுதலைக் கலக்கிய ஓர் ஆய்வைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

கடுங் காய்ச்சலினால் குருதியோட்டம் தளர்ந்து, கைகால் குளிர்ந்து வரும் குழந்தைக்கு உப்புநீரை நாளத்தின் வழியே விரைந்து ஏற்றுவது செல்வ நாடுகளில் வேரூன்றிய முறை. கிழக்காபிரிக்க வைத்தியசாலைகள் பலவற்றில் அம்முறை பரவியிருக்கவில்லை. அதன் பயனை அளந்தறியவே, கத்ரின் மெயிற்லண்ட் என்னும் வைத்தியரின் தலைமையில், கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய நாடுகளின் 6 வைத்தியசாலைகளில் 2009ஆம் ஆண்டு ஓர் ஆய்வு தொடங்கிற்று. 3,141 குழந்தைகள், திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையால் மூன்று கூட்டமாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூட்டத்தார்க்கு உப்புநீரும் மற்றொரு கூட்டத்தார்க்கு அல்புமின் கரைசலும் விரைந்து ஏற்றப்பட்டன. மூன்றாங் கூட்டத்தார்க்கு அவ்வாறு ஏற்றப்படவில்லை. ஏனைய மருந்தும் பராமரிப்பும் யாவர்க்கும் பொது.

பிள்ளைகளைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பதா என்று, இதனை முதலிற் படித்தபோது எனக்குச் சினமே மூண்டது. பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவனுக்கு அது இயல்புதானே. முடிவைப் படித்தபின் அச்சினம் அடங்கிற்று. 48 மணி நேரத்துள், விரைந்து நீர் ஏற்றப்பட்டவருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இறந்தனர். ஏற்றப்படாதவருள் இறந்தோர் நூற்றுக்கு ஏழு பேரளவினரே. 2011ஆம் ஆண்டு சனவரியில் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. நீர் ஏற்றிய முதல் மணி நேரத்தில், அக்குழந்தைகளே மற்றவரிலும் கூடுதலாகத் தேறியவர்போற் காணப்பட்டனர். கட்டிலருகே நின்ற வைத்தியரின் கண், சிகிச்சை பலித்தது என்றே சொல்லியிருக்கும். மரணம் பின்னரே வந்தது. அதுவும், பலர் அஞ்சியபடி நுரையீரலில் நீர் கோத்ததனால் அன்று, பெரும்பாலும் குருதிச் சுற்றோட்டம் குலைந்ததனால். ஒப்பிட்டு நோக்க அந்த மூன்றாங் கூட்டம் இல்லாதிருப்பின், எத்துணை அநுபவமுள்ள வைத்தியரும் இதனைக் கண்டிரார்.

வயிற்றோட்டத்தினால் உடல்நீர் வற்றிய குழந்தைகள் இவ்வாய்விற் சேர்க்கப்படவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர்களுக்கு நீரே உயிர்மருந்து. ஆகவே, சேலைன் வேண்டாமென்று வைத்தியரோடு வழக்காடப் புறப்படுவோர், தயவுசெய்து என் பேச்சைச் சாட்சிக்கு அழைக்காதிருப்பார்களாக.