விபத்துக்கு முன்பே வரும் கடிதம்



ரயில்வே தொழிலாளி ஒருவரின் நினைவைப் போற்றும் இந்த மேடையில் பயணியர் பாதுகாப்பைத் தவிர வேறு பொருளைப் பேச எனக்கு மனம் வரவில்லை. இந்தச் சிவாஜிநகர்ப் பகுதியே ரயிலோடு வளர்ந்த பகுதி. 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து போடப்பட்ட பாதை வந்து சேர்ந்த இடம் நம் பெங்களூர் கன்டோன்மென்ட் நிலையம். நம் முன்னோர் பலர் அந்தப் பாதையில் வந்து இங்கே குடியேறினார்கள். பொங்கலுக்கும் குலதெய்வ வழிபாட்டுக்கும் நாம் இன்றும் அதே பாதையில்தான் ஊருக்குப் போகிறோம். எனவே ரயில் பாதுகாப்பு நமக்கு நம் வீட்டுக் கவலை.

இன்று நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. பெரிய விபத்துகளில் பல திடீரென்று வருவதில்லை. சிறிய தவறுகளாக முன்பே தலைகாட்டுகின்றன. அவற்றை யாரோ ஒருவர் பார்க்கிறார், எழுதியும் அனுப்புகிறார். அந்த எழுத்துக்கு என்ன மதிப்புக் கிடைக்கிறது என்பதில்தான் பயணியின் உயிர் இருக்கிறது.

ஹொசதுர்கா ரோடும் பாஹாநாகா பஜாரும்

2023 பிப்ரவரி 8. பெங்களூரிலிருந்து டெல்லி செல்லும் சம்பர்க் கிராந்தி எக்ஸ்பிரஸ், மைசூரு கோட்டத்தின் ஹொசதுர்கா ரோடு நிலையத்தில் நுழைந்துகொண்டிருந்தது. சிக்னல் ஒரு தடத்துக்குக் கிடைத்திருந்தது; தடத்தை மாற்றும் பாயிண்ட்டோ வேறு தடத்துக்குத் திரும்பியிருந்தது. லோகோ பைலட் அதைக் கண்டு ரயிலை நிறுத்தினார். நிறுத்தாமல் போயிருந்தால் சரக்கு ரயிலோடு மோதியிருக்கும். மறுநாளே தென்மேற்கு ரயில்வேயின் தலைமை இயக்க அதிகாரி மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார். சிக்னல் கொடுத்த பிறகும் பாதை மாறிவிடக்கூடிய குறை, சிக்னலையும் பாயிண்ட்டையும் பிணைக்கும் இன்டர்லாக்கிங் அமைப்பில் இருக்கிறது, உடனே சரிசெய்யாவிட்டால் இது மீண்டும் நிகழ்ந்து பெரிய விபத்தில் முடியும் என்று அதில் எச்சரித்தார்.

நான்கு மாதம்கூட முடியவில்லை. ஜூன் 2ஆம் தேதி ஒடிசாவின் பாஹாநாகா பஜார் நிலையத்தில் சென்னை வரவேண்டிய கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைனுக்கான பச்சை விளக்கு எரிந்தது. பாயிண்ட் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. மணிக்கு ஏறத்தாழ 128 கிலோமீட்டர் வேகத்தில் வந்த ரயில், நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. சிதறிய பெட்டிகள், பக்கத்துத் தடத்தில் கடந்துகொண்டிருந்த பெங்களூரு–ஹவுரா ரயிலின் கடைசிப் பெட்டிகளையும் புரட்டிப் போட்டன. 290க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை, சிக்னல் பெட்டிக்குள் முன்பே செய்யப்பட்ட ஒயரிங் மாற்றத்தையும் தவறான பெயர்க் குறிப்புகளையும் காரணமாகக் காட்டியது. லெவல் கிராசிங் கேட் வேலை நடந்தபோது அந்தப் பழைய பிழை உயிர்பெற்றது. இன்னொன்றையும் அந்த அறிக்கை சொன்னது: 2022 மே மாதம் அதே கரக்பூர் கோட்டத்தில் தவறான ஒயரிங்கால் இதுபோன்ற ஒரு சம்பவம் நடந்திருந்தது, அப்போதே பாடம் கற்றிருந்தால் பாஹாநாகா நடந்திருக்காது. ஒரு எச்சரிக்கை கர்நாடகத்திலிருந்தும், இன்னொன்று அந்தக் கோட்டத்துக்குள்ளிருந்தும் வந்திருந்தன. இரண்டும் போதவில்லை.

கடைசியாகக் கை வைத்தவர்

விபத்து நடந்ததும் நாம் கேட்கும் முதல் கேள்வி, யார் செய்தது என்பது. பதிலாகக் கிடைப்பவர் பெரும்பாலும் லோகோ பைலட், கேட் கீப்பர், பாயிண்ட்ஸ்மேன், டெக்னீஷியன் ஆகியோரில் ஒருவர். 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் ரங்காபானி அருகே கஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸின் பின்புறம் சரக்கு ரயில் மோதியது. இறந்துபோன சரக்கு ரயில் லோகோ பைலட் மீதே அன்று பழி விழுந்தது. விசாரணை முடிந்தபோது வேறு படம் கிடைத்தது. அன்று காலையிலிருந்து தானியங்கி சிக்னல் பழுதாகி, காகித அனுமதிச் சீட்டில் ரயில்கள் ஓடின. எந்த வேகத்தில் போகவேண்டும் என்பதில் தெளிவில்லை. அதே சீட்டை வாங்கிய மற்ற ரயில்களும் வெவ்வேறு வேகத்தில் ஓடியிருந்தன. போதிய பயிற்சியும் கொடுக்கப்படவில்லை.

2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது பயணியர் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட் கீப்பர் கைதானார். ஆனால் அந்தக் கேட் சிக்னலோடு இன்டர்லாக் செய்யப்படாதது. செய்திருந்தால், கேட் மூடாதவரை ரயிலுக்குப் பச்சை விளக்கே எரியாது. தனி மனிதனின் கடமைத் தவறை நான் நியாயப்படுத்தவில்லை. ஒருவர் தவறினாலும் குழந்தைகள் சாகாதபடி அமைப்பைக் கட்டுவது நிர்வாகத்தின் கடமை என்கிறேன்.

லோகோ பைலட்டின் தூக்கமும் பாதுகாப்புக் கருவிதான். 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் வார ஓய்வும், தொடர் இரவுப் பணிக்கு வரம்பும் கேட்டுப் போராடினார்கள். அது ரயிலில் படுத்துறங்கும் நமக்காகவும் எழுந்த கோரிக்கை.

காரணத்தைத் தேடும் நேர்மை

1956 நவம்பர் 23 விடியற்காலை, அரியலூர் அருகே மருதையாற்று வெள்ளத்தில் பாலம் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பொறுப்பு மேலிருந்து தொடங்குகிறது என்பதற்கு இன்றுவரை அதுவே சான்று.

1988 ஜூலை 8 அன்று நம் பெங்களூரிலிருந்து புறப்பட்ட ஐலண்ட் எக்ஸ்பிரஸ் கொல்லம் அருகே பெருமண் பாலத்திலிருந்து அஷ்டமுடிக் காயலில் விழுந்தது. இறந்தவர்கள் 105 பேர். சுழற்காற்றே காரணம் என்றது விசாரணை. அந்த முடிவை அங்குள்ள மக்கள் பலர் நம்பவே இல்லை. காரணம் ஐயமற நிலைநாட்டப்படாத விபத்திலிருந்து யாரும் பாடம் கற்க முடியாது.

இதற்கு மாறாக, 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் மைசூரு–தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ் லூப் லைனில் புகுந்து சரக்கு ரயிலில் மோதியபோது, இன்னொரு பாஹாநாகா என்றே பலரும் முடிவு கட்டினார்கள். ஆனால் பாயிண்ட்டின் பாகங்களை யாரோ வேண்டுமென்றே கழற்றியிருந்தார்கள் என்று விசாரணை கண்டறிந்தது. ஊகத்துக்கும் விசாரணைக்கும் உள்ள தூரம் அவ்வளவு.

நடந்ததும் நடக்கவேண்டியதும்

நல்லவற்றையும் சொல்லவேண்டும். அரசுக் கணக்குப்படி பெரிய ரயில் விபத்துகள் 2014-15இல் 135, 2024-25இல் 31. அகல ரயில்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரிக்குள் நீக்கப்பட்டன. ஒன்றன்மேல் ஒன்று ஏறாத எல்எச்பி பெட்டிகள் பழைய ஐசிஎஃப் பெட்டிகளின் இடத்துக்கு வருகின்றன. அபாய சிக்னலைத் தாண்டினால் தானே பிரேக் போடும் கவச் கருவி மெல்லப் பரவுகிறது.

ஆனாலும் தண்டவாளத்தைக் கவனிப்பவர் இல்லாமல் எந்தக் கருவியும் காக்காது. 2017 முதல் 2021 வரையிலான தடம்புரளல்களை ஆராய்ந்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், 422 தடம்புரளல்களுக்குப் பொறியியல் துறையைப் பொறுப்பாகக் காட்டினார். அவற்றில் 171 தண்டவாளப் பராமரிப்புக் குறையால் வந்தவை. பாதுகாப்பு நிதியில் அவசியமற்ற செலவுகள் நடந்ததையும் அவர் சுட்டிக்காட்டினார். வெயிலிலும் மழையிலும் தண்டவாளத்தில் நடக்கும் கீமேனின் காலியிடத்தை எந்தக் கருவியாலும் நிரப்ப முடியாது.

எச்சரிக்கையைப் புறக்கணித்தது நாம் மட்டுமல்ல. 1999 அக்டோபர் 5 அன்று லண்டனின் லாட்புரோக் குரோவில் ரயில்கள் மோதி 31 பேர் இறந்தார்கள். அபாயம் காட்டியபோதே ரயில் தாண்டிய அந்த சிக்னல், முந்தைய ஆறு ஆண்டுகளில் எட்டு முறை அப்படியே தாண்டப்பட்டிருந்தது. அதன்பின் பிரிட்டன், ஊழியர்கள் பெயர் வெளிவராமல் குறைகளைத் தெரிவிக்கும் ஏற்பாட்டை நாடு முழுவதும் விரித்தது. யாரையும் குற்றம் சாட்டாமல் காரணத்தை மட்டும் தேடும் விசாரணை அமைப்பை உருவாக்கியது. அதன் அறிக்கைகளை எவரும் படிக்கலாம்.

நம்மிடமும் அடித்தளம் இருக்கிறது. ரயில்வே பாதுகாப்பு ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. ரயில்வே தன்னைத் தானே விசாரிக்கக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் பிறந்த ஏற்பாடு அது. அதன் தென்வட்ட அலுவலகம் இதே பெங்களூரில் இருக்கிறது. கவரைப்பேட்டையை விசாரித்ததும் அந்த அலுவலகமே.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. ஆணையரின் ஒவ்வொரு அறிக்கையும் தமிழ், கன்னடம் உள்ளிட்ட மக்கள் மொழிகளில் முழுமையாக வெளிவரவேண்டும். குறையை எழுதி அனுப்பும் ஊழியருக்குப் பாதுகாப்பும், குறித்த நாளுக்குள் பதிலும் சட்டப்படி கிடைக்கவேண்டும். நாமும் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காமல், மூடிய கேட்டுக்கு அடியில் நுழையாமல், நம் பிள்ளைகளுக்கு அதைக் கற்றுத் தரவேண்டும்.

ரயிலைக் காப்பவர்கள் எழுதும் கடிதத்தைப் படிக்கும் நிர்வாகம் நமக்கு வேண்டும். அதைப் படித்தீர்களா என்று கேட்கும் குடிமக்களாக நாம் இருப்போம்.