பக்கவாதமும் பத்து நிமிடமும்

(பழைய மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



நான் 1996-ல் வேதியியல் முடித்தவன். ஊர் ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டு. கொஞ்சம் நிதானமாகத்தான் பேசுவேன். சில வார்த்தைகள் வாயில் வழுக்கும். பேச்சுப் போட்டியில் மணி அடித்தும் நிறுத்தாத ஆளாச்சே இவன் என்று என் வகுப்பு நண்பர்கள் யோசிக்கலாம். 2021 பிப்ரவரியில் எனக்குப் பக்கவாதம் வந்தது. அப்போது வயது 46. இடது கையும் இடது காலும் வராமல் போய்விட்டன. கால் பெரும்பாலும் திரும்பிவிட்டது. கை பாதிதான். சட்டைப் பித்தானை இன்றைக்கும் வீட்டுக்காரம்மாதான் போட்டுவிட்டார்கள்.

உடல்நலம் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று செயலாளர் சொன்னார். கைக்கு என்ன பயிற்சி, காலுக்கு என்ன பயிற்சி என்று சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது பயத்தைப் பற்றி.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் கையைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். எண்ணெய் தேய்க்கச் சொன்னார்கள், புறா ரத்தம் தடவச் சொன்னவர்கள்கூட உண்டு. ராத்திரி என்ன ஆகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரி போகும் சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்கும். ஒவ்வொரு லாரியாக எண்ணிக்கொண்டு படுத்திருப்பேன். விரல் லேசாக மரத்தால் போதும், "ரெண்டாவது வந்துடுச்சு" என்று நெஞ்சு அடிக்கும். பக்கத்தில் மனைவி தூங்குகிற மாதிரி படுத்திருப்பார்கள். மணிக்கு ஒருதரம் என் காலைத் தொட்டுப் பார்ப்பார்கள். பகலில் காரணமில்லாமல் அழுகை, எரிச்சல். இருபது வருஷம் ஷிப்டில் ஆட்களை வேலை வாங்கியவன், டம்ளரைப் பிடிக்க முடியாமல் அழுதால் எப்படி இருக்கும்? பக்கவாதம் வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. நம் ஊரில் அதற்கு, "ஆள் முன்ன மாதிரி இல்லப்பா" என்று ஒரே வரியில் பேர் வைத்துவிடுகிறோம்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் வீட்டுக்கே வரும். அப்படி வந்த பிசியோதெரபிஸ்ட் தங்கச்சி ஒருநாள் கேட்டது: "அண்ணா, கையைத் தூக்கறதுக்கு முன்னாடி ஏன் மூச்சைப் பிடிச்சுக்கறீங்க?" அதுவரைக்கும் எனக்கே அது தெரியாது. இப்படியே விடக்கூடாது, மனசுக்கும் யாரையாவது பாருங்கள் என்று சொல்லி, ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பியதும் அந்தத் தங்கச்சிதான். அங்கே எங்களைப் போல ஆறு பேர். வாரம் ஒருநாள், எட்டு வாரம். மைண்ட்ஃபுல்னஸ் தியானம் என்றார்கள். மந்திரம் கிடையாது, சாமி படம் கிடையாது. இப்போது நடப்பதை, அது நடக்கிறபடியே கவனித்துக்கொண்டு இருப்பது. அவ்வளவுதான்.

இதன் பூர்வீகம் எனக்குப் பிடித்த கதை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியுள்ளவர்களுக்காக ஜான் கபட்-ஜின் 1979-ல் தொடங்கியதுதான் இந்த எட்டு வாரப் பயிற்சி. அதில் கால்விரலிலிருந்து தலைவரை உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனிப்பது முக்கியமான பாடம். அந்த முறை பர்மாவின் ஊ பா கின் வழியில் வந்தது. ஊ பா கின் சந்நியாசி இல்லை, பர்மா அரசின் தலைமைக் கணக்காளராக இருந்தவர். அவரிடம் 1955-ல் மாண்டலேயில் பிறந்த கோயங்கா போனார், கொடுமையான ஒற்றைத் தலைவலியோடு. வியாதி தீரத்தான் வந்தாயென்றால் வேண்டாம் என்று குரு முதலில் திருப்பிவிட்டாராம்! அதே கோயங்கா 1969-ல் இந்தியா வந்து பம்பாயில் விபாசனா முகாம் நடத்தினார், அந்த வருஷமே சென்னையிலும் நடத்தினார். இன்று திருமுடிவாக்கத்தில் 'தம்ம சேது' மையம் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பக்கம்தான். நமக்கு அது அமெரிக்கா போய்ச் சுற்றி வந்திருக்கிறது.

அதனால் பக்கவாதம் வந்த கையோடு பத்து நாள் முகாமுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அங்கே பேசக்கூடாது, நாளெல்லாம் உட்கார வேண்டும். அது திடமான உடம்புக்கு. எங்களுக்கு ஆலோசகர் அம்மா எல்லாவற்றையும் வெட்டிக் குறுக்கிவிட்டார். சம்மணம் வேண்டாம், நாற்காலி போதும். பத்து நிமிஷம், அதற்கு மேல் இல்லை. மூலப் பயிற்சியில் முதல் வகுப்பில் ஓர் உலர்திராட்சையை வாயில் வைத்து மெதுவாக உணர்ந்து சாப்பிடச் சொல்வார்கள். பக்கவாதக்காரருக்கு விழுங்குவதில் கோளாறு இருந்தால் அது தொண்டையில் அடைத்துவிடும். அதையும் எடுத்துவிட்டார்.

இருந்தும் எனக்கு முதல் இரண்டு வாரம் மோசம்தான். உடம்பைக் கவனி என்றால், கவனிக்கிற இடமெல்லாம் குறுகுறு என்றது. ஏற்கெனவே அதைத்தானே ராத்திரி முழுக்கச் செய்துகொண்டிருந்தேன்! இடது கைக்கு வந்தால் அங்கே உணர்ச்சியே இல்லை. "இல்லாததை எப்படிங்கம்மா கவனிக்கறது?" என்றேன். அவர் யோசித்துவிட்டு வழியை மாற்றினார். கண்ணை மூட வேண்டாம். முதலில் வெளிச்சத்தம். லாரி வருகிறது, போகிறது, எண்ணாதீர்கள். அப்புறம் தரையில் பதிந்த பாதம். அப்புறம் வலது கை. கடைசியில் வலது கையால் இடது கையைப் பிடித்துக்கொண்டு, உணர்ச்சி இருந்தால் இருக்கிறது, இல்லையென்றால் இல்லை. பயம் வந்தால் "பயம் வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

கூடவே ஒரு கண்டிப்பு. முகம் கோணினாலோ, கை கால் திடீரென்று சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ தியானம் பண்ணிக்கொண்டு உட்காரக் கூடாது, உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இந்தக் கோடு தெளிவான பிறகுதான் எனக்குத் தைரியமே வந்தது. எதற்கு ஓட வேண்டும், எதற்கு உட்கார்ந்திருக்கலாம் என்று தெரிந்துவிட்டது.

2022-ல் இந்தியத் தொல்லியல் துறை எங்கள் ஊரில் அகழாய்வு செய்தது. கற்கருவிகள், பானை ஓடுகள் எல்லாம் கிடைத்தன. தடியை ஊன்றிக்கொண்டு போய்ப் பார்ப்பேன். ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்து தூரிகையால் மண்ணைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். பாதி நேரம் ஒன்றும் வராது. முகத்தில் ஒரு சலிப்பும் தெரியாது. என் வகுப்பை விட இதில் நன்றாகப் புரிந்தது.

குணமாகிவிட்டதா என்றால், கை ஆகவில்லை. தியானத்தால் கை வரும் என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பி.பி. மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதீர்கள். ஸ்வீடனில் கோதன்பர்க்கில் பக்கவாதமோ தலைக்காயமோ பட்ட 29 பேரை வைத்து எட்டு வாரப் பயிற்சியைப் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வில் மூளைக் களைப்பு குறைந்தது தெரிந்தது. 29 பேர் என்பது சின்னக் கணக்கு. வேதியியல் ஆய்வகத்தில் இதை வைத்து முடிவு எழுதினால் நம் பேராசிரியர் சும்மா விடமாட்டார். என் கணக்கு இன்னும் சின்னது, ஒரே ஆள். ராத்திரி முழிப்பு வருகிறது, ஆனால் திரும்பத் தூங்கிவிடுகிறேன். அழுகை வந்தால் வந்து போகிறது.

மனைவியும் என்னோடு உட்காருகிறார்கள். ஏன் என்று கேட்டேன். "அந்தப் பத்து நிமிஷம்தான் என்னை யாரும் கூப்பிடறதில்ல" என்றார்கள். பக்கவாதம் வந்த வீட்டில் நோயாளி ஒருவர் இல்லை, இரண்டு பேர். அந்த இரண்டாவது ஆளை யாராவது விசாரியுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பத்து நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். யார் வேண்டுமானாலும் வரலாம், வீட்டில் யாருக்காவது இப்படி ஆகியிருந்தால் அவசியம் வாருங்கள். காக்கைச் சத்தத்தில் தொடங்கலாம்.